வளையலை அடகு வைக்கச் சொல்பவர்கள்

சென்ற இதழில் பொறியியல் சேர்க்கையைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கும் கட்டுரையாளரை மறுக்கும் முன், அவருடைய கட்சியை அவரைவிடச் சுருக்கமாக எடுத்து வைத்துவிடுகிறேன். பூர்வபட்சத்தைச் சிதைக்காமல் சொல்லிவிட்டுத்தான் நம் பக்கத்துக்கு வர வேண்டும் என்பது நீலகேசி காலத்திலிருந்தே இந்த மொழியில் உள்ள ஒழுக்கம். அவர் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதற்காக நான் கைவிட வேண்டியதில்லை. அவர் சொல்வது இதுதான். தமிழ்நாட்டு மாணவர்களும் பெற்றோரும் மந்தையாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பின்னால் ஓடுகிறார்கள். கொஞ்சம் விசாரித்துச் சேர்ந்தால் ஏமாற மாட்டார்கள். பணம் ஒரு தடையே அல்ல. தகுதியுள்ளவனுக்கு வங்கிக் கதவு திறந்தே கிடக்கிறது. கட்டணத்துக்கு வரம்பு வைப்பதும் முதல் பட்டதாரிச் சலுகை என்று அள்ளிவிடுவதும் தரத்தைக் கெடுக்கின்றன. காசு கொடுத்துப் படித்தால்தான் படிப்பின் அருமை தெரியும். இத்தனைக்கும் மகுடமாக அப்துல் கலாம். அக்கா நகையை அடகு வைத்துப் படித்தவர் குடியரசுத் தலைவர் ஆகவில்லையா என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடியிருக்கிறார்.

மகுடத்திலிருந்தே தொடங்கலாம், அதுதான் கனம் குறைந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டதும், அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததும் கலாமின் தன்வரலாற்றில் உள்ளன, மறுக்கவில்லை. அதே நூலில், அந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, இன்னொரு சம்பவமும் உண்டு. விமான வடிவமைப்பு வேலை மந்தமாக நடப்பதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உன் உதவித்தொகையை நிறுத்திவிடுவேன் என்று மாணவர் கலாமை மிரட்டுகிறார். கலாமே மேடை மேடையாகச் சொன்ன கதை இது. நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுவதற்கு முதலில் அதைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாமா? உள்ளே நுழைய வளையல் உதவியது, உள்ளே நின்று படிக்க உதவித்தொகை கைகொடுத்தது. கட்டுரையாளர் வளையல் வந்த பக்கத்தோடு நூலை மூடிவிட்டார் போலும். அந்த எம்.ஐ.டி.யும் சும்மா முளைத்ததல்ல; 1949-ல் சி. ராஜம் என்பவர் தன் பெரிய வீட்டை விற்ற பணத்தைப் போட்டுத் தொடங்கியது. வீட்டை விற்றுக் கல்லூரி கட்டியவரின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லூரி கட்டி ஊரையே வாங்கியவர்களுக்குத்தான் நாம் கல்வித் தந்தை என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் தர்க்கப் போலிகளை வகை பிரித்துக் காட்டுகிறார். அதில் எடுத்துக்காட்டுப் போலி என்று ஒரு வகை. நிறுவ வந்ததற்கு நேர் எதிரானதை நிறுவிக் கொடுக்கும் எடுத்துக்காட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். கட்டுரையாளர் கலாமைக் கூப்பிட்டது தனியார் செலவுக்குச் சாட்சி சொல்ல. வந்தவரோ உதவித்தொகைக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். தவிர, ஆயிரம் ரூபாய்க்கு ஓர் அக்காவின் நகை போதுமானதாக இருந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கேட்கும் பதினைந்து இலட்சத்துக்கு எத்தனை அக்காக்கள் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் பெற்றோர் அதற்கேற்பக் குடும்பத்தைத் திட்டமிட்டிருப்பார்கள்.

மந்தை விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த இடங்களைப் பெருக்கியது யார், பிள்ளைகளா? கல்லூரிகள் மெக்கானிக்கலையும் சிவிலையும் சுருக்கி, அந்த இடங்களைக் கணினிக்கும் அதன் கிளைப் பெயர்களுக்கும் மாற்றிக்கொண்டு பல ஆண்டுகளாகின்றன. 2024-25 கல்வியாண்டிலிருந்து நன்றாக இயங்கும் கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பையே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் எடுத்துவிட்டது. மெக்கானிக்கல் படிக்கலாம் என்று விசாரிக்க வருகிற பையனிடம், "அதுல இந்த வருஷம் அட்மிஷன் போடலப்பா, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்ல சீட் இருக்கு, அதுவும் இதேதான்" என்று வரவேற்பறையிலேயே திருப்பிவிடுகிறார்கள். கடையில் ஒரே சரக்கை அடுக்கி வைத்துவிட்டு, எல்லாரும் அதையே வாங்குகிறார்களே என்று வாங்குபவனைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்? சந்தைதான் தரத்தைக் கொண்டுவரும் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியவர், சந்தை கொண்டுவந்து நிறுத்திய இடத்தைப் பார்த்து ஐந்தாம் பக்கத்தில் முகம் சுளிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நான்காம் பக்கம் இருந்தது. யோசிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது.

விசாரித்துச் சேருங்கள் என்கிறாரே, எதை வைத்து விசாரிப்பது? நாக் எனும் தேசிய மதிப்பீட்டுக் குழுமத்தின் தரச்சான்றைப் பாருங்கள் என்கிறார். 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் போட்டுக்கொடுக்க இலஞ்சம் வாங்கியதாகச் சொல்லி நாக் ஆய்வுக்குழுவினரையே சிபிஐ கைது செய்தது. பேராசிரியர் பட்டியலைப் பாருங்கள் என்கிறார். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் காட்டப்பட்டிருப்பதை வெளியிட்டது. முறைகேடு நடந்தது உண்மைதான் என்று பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் நேரில் வந்து ஆய்வு செய்கிற பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கே தட்டுப்படாததை, பிரவுசிங் சென்டரில் மகன் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்க்கிற தகப்பன் கண்டுபிடித்திருக்க வேண்டுமாம்! வேலைவாய்ப்பு விழுக்காடு? ஒரே மாணவனுக்கு மூன்று நிறுவனங்கள் வேலை கொடுத்தால் மூன்றாகக் கூட்டுவதும், அரியர் வைத்திருப்பவனைத் தகுதியில்லாதவன் என்று கணக்கிலிருந்தே கழித்துவிடுவதும் கல்லூரித் தொழிலில் புதிதல்ல. அந்த எண்ணைத் தணிக்கை செய்கிறவர் என்று யாராவது இருந்தால் பெயரைச் சொல்லட்டும்.

ஓரளவு நம்பிப் பார்க்கக்கூடிய எண் ஒன்று உண்டு. தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் பருவத் தேர்வில் எத்தனை விழுக்காடு தேர்ச்சி பெற்றன என்று அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் பட்டியல் அது. பொதுவான வினாத்தாள், வெளியார் திருத்தம், எல்லாரையும் ஒரே அளவில் ஒப்பிடலாம். தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்தித் தானே பட்டம் கொடுத்துக்கொள்ளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படியொரு பட்டியல் கிடையாது. ஆறு பக்கக் கட்டுரையில் இந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு அமைப்பு ஒன்று உருப்படியாகச் செய்யும் வேலையைச் சொன்னால் வாதம் இடிந்துவிடும் என்ற அச்சமா, அல்லது உண்மையிலேயே தெரியாதா? எது என்றாலும் ஆலோசகருக்கு அழகில்லை.

இனி, அவர் தொடவே தொடாத இடம். கல்லூரித் தேர்வு என்றால் ஜூலையில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தொடங்கி, 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, தரவரிசைப்படி சாய்ஸ் ஃபில்லிங் செய்வதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த கையோடு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத்தேர்வு, உடனே முடிவு, ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று குறுஞ்செய்தி. தனியார் கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் கோட்டாவும் அதே காலத்தில்தான் விலை போகிறது. "சார், ஐடி இன்னிக்குள்ள முடிஞ்சிடும், ஒரு லட்சம் போட்டு பிளாக் பண்ணிக்குங்க" என்று போனில் சொல்லும் குரலை ஏப்ரல், மே மாதங்களில் கேட்காத நடுத்தர வீடு குறைவு. பணமுள்ள குடும்பம் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஜூலையில் கலந்தாய்வுக்கும் போய், இதைவிட நல்லது கிடைத்தால் தாவுகிறது. பணமில்லாத குடும்பம் கலந்தாய்வை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறது. இடையில் இருக்கிறவர்கள் பாடுதான் கொடுமை: அச்சத்தில் கடன் வாங்கி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு கலந்தாய்வில் அரசுக் கல்லூரியே கிடைத்தாலும், கட்டிய பணமும் கொடுத்த மூலச் சான்றிதழும் மாட்டிக்கொண்டதே என்று அங்கேயே தங்கிவிடுகிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு வாங்குவதைத்தான் தேர்வு என்கிறோம். விலைப்பட்டியல் வருவதற்கு முன்பே பணத்தைக் கட்டவைப்பதற்கு என்ன பெயர் என்று சந்தைப் பொருளாதாரம் தெரிந்த கட்டுரையாளரே சொல்லட்டும்.

அந்த அவசரத்தில் கைவிட்டுப் போவது எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000. கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த வரம்பு இது. முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 வரை கற்பிப்புக் கட்டணச் சலுகை, ஆனால் ஒற்றைச் சாளரம் வழியாகச் சேர்ந்தால் மட்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு இடங்களில் சேர்ந்தால், 2021 முதல் கற்பிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். மே மாதம் பயந்துபோய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்துப் போடும் முதல் தலைமுறைக் குடும்பம், நான்காண்டில் ஓர் இலட்சம் ரூபாய்ச் சலுகையைத் தெரியாமலே உதறிவிட்டு வருகிறது. நன்கொடை வேறு, அதற்கு ரசீது கிடையாது. கிடைத்தாலும் கட்டட நிதி என்றிருக்கும். இத்தனைக்கும் நன்கொடை வாங்குவதைத் தடை செய்து இந்த மாநிலம் 1992-லேயே சட்டம் போட்டுவிட்டது. உச்சவரம்பு தரத்தைக் கெடுக்கிறது என்று கவலைப்படுகிறவரிடம் ஒரு கேள்வி: அந்த வரம்புக்குள்தான் எல்லாரும் வாங்குகிறார்கள் என்று உண்மையிலேயே நம்புகிறாரா?

திறந்தே கிடக்கும் வங்கிக் கதவையும் போய்த் தட்டிப் பார்ப்போம். நான்கு இலட்சம் வரை பிணை வேண்டாம், ஏழரை இலட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம் என்பது விதி. அதை அவர் மேற்கோள் காட்டியிருக்கிறார், சரிதான். ஏழரைக்கு மேல்? பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வழக்கறிஞர் கருத்துரை என்று ஆரம்பித்துவிடும். ஆண்டுக்கு இரண்டு இலட்சத்தில் தொடங்கி ஐந்தை நெருங்கும் நிகர்நிலைக் கட்டணத்தில், விடுதியையும் சேர்த்தால், ஏழரை எந்த ஆண்டில் தீரும் என்று அவரே போட்டுப் பார்க்கட்டும். ஆக, சொத்துள்ளவனுக்குக் கடன், இல்லாதவனுக்கு அறிவுரை. நுழைவுத்தேர்வுத் தரவரிசை இறங்க இறங்கக் கட்டணம் ஏறும்படி படிகள் கட்டி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. தகுதிக்குப் பணம் தானே வரும் என்கிற தத்துவம் அங்கே தலைகீழாக நின்று, தகுதி குறைந்தால் பணத்தால் நிரப்பு என்கிறது.

விதிக்குள் அடங்கும் சிறிய கடனுக்கும் நடைமுறை வேறு. "உங்க சர்வீஸ் ஏரியா இது இல்லீங்களே, காலேஜ் பக்கத்துல இருக்கற பிராஞ்ச்ல கேட்டுப் பாருங்க" என்பார் மேலாளர். அங்கே போனால், நிரந்தர முகவரி இருக்கிற ஊரில் கேளுங்கள் என்பார்கள். கலந்தாய்வு வழியாக வரவில்லையா, அப்படியானால் கோட்டா சீட்டுக்கு நாங்கள் கொடுப்பதில்லை என்பார்கள். அப்பாவின் கடன் வரலாற்றுக்கான சிபில் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள்; டிராக்டர் தவணை தவறியதற்கும் மகள் பொறியியல் படிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் வராது. மாணவரின் சிபில் குறைவாக இருப்பதையே காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. கதவு திறந்தே கிடந்தால் மாணவர்கள் ஏன் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்? 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் பிணையே இல்லாமல் கடன் தருகிறது, எட்டு இலட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்குப் பத்து இலட்சம் வரையான கடனில் மூன்று விழுக்காடு வட்டியும் குறைக்கிறது, நல்ல திட்டம்தான். நாடு முழுவதற்கும் சேர்த்து அது தொடக்கத்தில் எட்டிய நிறுவனங்கள் 860. தமிழ்நாட்டில் மட்டும் பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கு மேல்.

கல்வி ஒரு முதலீடு, வருமானம் வரும்போது கட்டிவிடலாம் என்கிறார். முதலீடு என்று சொன்னவர் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கலாம். அவர் போடாததால் நான் போடுகிறேன். ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் நான்கு இலட்சம் கடன், வட்டி பத்தரை விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்காண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி தூங்குவதில்லை. முதல் இலட்சத்துக்கு ஐந்தாண்டு, கடைசி இலட்சத்துக்கு இரண்டாண்டு என்று தனிவட்டியாகவே போட்டாலும் 1,47,000 ரூபாய் சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,47,000. அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,400 ரூபாய். பதினைந்தாயிரம் சம்பளத்தில் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் அதில் பாதியை வங்கிக்குக் கட்டிவிட்டு முதலீட்டின் பலனை எந்த வேளை சாப்பாட்டில் அனுபவிப்பான்? சலுகைக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறதே என்று அவர் கேட்கக்கூடும். இருக்கிறது: பெற்றோர் வருமானம் நாலரை இலட்சத்துக்குள் இருந்தால், 2018-க்குப் பிறகு கல்லூரியோ பாடப்பிரிவோ நாக் அல்லது என்.பி.ஏ. சான்று பெற்றிருந்தால். அதாவது, சான்று இல்லாத கல்லூரியில் போய் விழுந்த ஏழைக்குத்தான் வட்டி முழுசாக. இதே வங்கிகளில் பலவும் காருக்குக் கல்வியைவிடக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கின்றன, ஏனென்றால் காரைப் பறிமுதல் செய்யலாம், படிப்பைச் செய்ய முடியாது. கட்டாதவனை என்ன செய்வார்கள் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016 வாக்கில் பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக் கடன்களை ரிலையன்ஸின் சொத்து மறுகட்டமைப்பு நிறுவனத்துக்குக் கைமாற்றி வசூலிக்கவிட்டது. தவறாகத் தேர்ந்தெடுத்தவன்தான் கட்ட முடியாமல் போகிறான் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதிவிட்டார் கட்டுரையாளர். இல்லாத பேராசிரியர்களைக் கணக்குக் காட்டிய நிர்வாகமோ, அந்தக் கணக்கைப் பார்த்து இணைப்புக் கொடுத்த அதிகாரியோ ஒரு ரூபாயாவது அந்தக் கடனில் பங்கு கட்டினார்களா?

காசு கொடுத்தால்தான் அருமை தெரியும் என்கிற மணிமொழிக்கு நீண்ட பதில் தேவையில்லை. எண்பதுகளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்ததைக் கட்டுரையாளரே பெருமையோடு குறிப்பிடுகிறார். வரி கட்டியவர்களின் காசில், பெயருக்கு ஒரு கட்டணம் செலுத்திப் படித்த படிப்பு அது. அருமை தெரியாமலா முப்பது ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்? தான் ஏறி வந்த ஏணி அடுத்தவனைச் சோம்பேறி ஆக்கும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் உயரம் தேவைப்படுகிறது. 1984-ல் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த பிறகு ஐந்நூறைத் தாண்டிப் பெருகி, அதில் கணிசமானவை மாணவர் இல்லாமல் மூடிப்போன வரலாறு அவருக்குத் தெரியாததல்ல. அங்கெல்லாம் மாணவர்கள் காசு கொடுத்துத்தான் படித்தார்கள்.

எதற்காக இதையெல்லாம் எழுதினார் என்ற கேள்விக்கு நான் ஊகம் செய்ய விரும்பவில்லை, அச்சுக்கோப்பே செய்துவிட்டது. அவருடைய மூன்றாம் பக்கத்துக்கு எதிரே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் முழுப்பக்க வண்ண விளம்பரம், கீழே சேர்க்கைக்கு அழைக்க வேண்டிய எண். தன்னைக் கல்வி ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறவர், ஓர் அட்மிஷனுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஆலோசகர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பதை ஒரு வரியாவது கண்டித்திருக்கலாம். அவர் வாங்குகிறார் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் சொல்லக்கூடியதற்கும் அவர் எழுதியிருப்பதற்கும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் அவருடைய ஆறு பக்கத்துக்குப் பதிலாகச் சில விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. அந்த விதியைச் சொல்லிக் கேட்டால்தான் பல இடங்களில் அது நினைவுக்கு வரும். வங்கியில் மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பி வராமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக் கிளை மேலாளருக்குத் தனியாக அதிகாரமில்லை. அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது.